டொம்மின் விளிம்பைப் பேச வைத்தது: உப்புவெளியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு பாடகர் குழாம் இருக்கிறது. நத்தாருக்கு முந்திய ஒளிவிழாவுக்கு நவம்பரிலேயே ஒத்திகை தொடங்கிவிடுவார்கள். மண்டபத்தைச் சுற்றி வீடுகள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். அதனால் வழமையான ட்ரம்ஸ் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பாவித்துவிட்டுக் கொடுத்த இலத்திரனியல் ட்ரம் செட்தான். வலைத்தலை போட்ட, அதாவது அடிக்கிற முகப்பில் தோலுக்குப் பதில் வலை கட்டிய ஸ்னேர் ஒன்று, அதேபோல மூன்று டொம், றப்பர் சிம்பல்கள், கிக் பேட், ஹை ஹெட் பெடல், அடிகளை ஒலியாக்குகிற ஒரு மொடியூல். ஒலிபெருக்கி, மைக் வேலைகளுக்கு அவர்கள் கூப்பிடுவது என்னை என்பதால் இதுவும் என் தலையில் வந்தது.

வாசிப்பவர் உயர்தரம் படிக்கிற பிள்ளை. ரிம் என்று அவர் சொல்வது விளிம்பை. அவர் சொன்ன குறை இதுதான்:

"அண்ணா, ஸ்னேர்ல ஓங்கி அடிச்சா மட்டும் ரிம் கேக்குது. மெல்லத் தட்டினா நடுத்தலைச் சத்தம்தான் வருது. டொம்மில ரிம்மே இல்ல. எனக்கு ரெண்டும் வேணும்."

ஏன் வேணும் என்று கேட்டேன். பாலன் பிறப்பைப் பாடுகிற மெதுவான பாட்டு ஒன்றுக்கு முழுக்க முழுக்க கிராஸ் ஸ்டிக். குச்சியைத் தலையின் மேல் குறுக்கே படுக்கவைத்து, அதன் மறுமுனையால் விளிம்பைத் தட்டுகிற அந்த "டொக்". அதற்கு அடுத்த பாட்டு பைலா நடை. அதில் தரை டொம்மின் விளிம்பில் "டக்கு டக்கு" என்று ஓடவேண்டும். இவர் சின்ன வயதில் மிருதங்கம் படித்தவர். வலந்தலையின் மீட்டில் விழுகிற "நம்" என்ற சொல்லை நடுவில் தட்டி எடுக்க முடியுமா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். முடியாது. கருவியின் ஓரம் வேறு, நடு வேறு. தாளம் தெரிந்தவருக்கு இரண்டும் இரண்டு எழுத்து. ஒன்றைப் பறித்துவிட்டு வாசி என்று சொல்வது நியாயமில்லை. இந்த வேலையில் நான் இவ்வளவு நாள் செலவழித்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

முதலில், விளிம்பு ஒலி எப்படி வருகிறது என்பதைச் சொல்லவேண்டும். தோல் ட்ரம்ஸில் உலோக வளையத்தில் குச்சி பட்டால் வளையமே ஒலிக்கும். இலத்திரனியல் பேடில் விளிம்புக்கு என்று தனியான ஒலி கிடையாது. உள்ளே இருப்பது பீசோ தட்டு: பித்தளை வட்டத்தில் ஒட்டிய மெல்லிய பீங்கான். அது வளைந்தால் மின்னழுத்தம் பிறக்கும். எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு அழுத்தம். மொடியூல் அந்த அழுத்தத்தின் உச்சியை அளந்து, "இவ்வளவு பலமான அடி" என்று முடிவுகட்டி, நினைவகத்தில் இருக்கிற ஒலியை எடுத்து விடும். விளிம்பு என்பது மொடியூல் வழங்குகிற ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு அதற்குச் சாட்சி வேண்டும்.

சாட்சி இரண்டு விதமாக வரும். ஒன்று, தலைக்கு ஒரு பீசோ, விளிம்புக்கு ஒரு பீசோ. இரண்டிலும் வருகிற அழுத்தத்தை ஒப்பிட்டு எது பலமோ அதன் பக்கம் மொடியூல் சாயும். மற்றது, ஒரே பீசோவோடு விளிம்பு றப்பரின் கீழே ஒரு மெல்லிய சுவிட்ச். அடியின் பலத்தைச் சொல்வது பீசோதான். "அடி விழுந்தது விளிம்பில்" என்று சொல்வது மட்டுமே சுவிட்சின் வேலை. 1997இல் ரோலண்ட் வலைத்தலையோடு வெளியிட்ட பிடி-120 முதல் வகை. அதே நிறுவனத்தின் றப்பர் பேடான பிடி-8 இரண்டாவது வகை. இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒரே 6.35 மில்லிமீற்றர் ஸ்டீரியோ ஜாக். முனையில் தலை, நடு வளையத்தில் விளிம்பு, அடிக்கட்டையில் நிலம். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இந்த வேலையில் ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நானும் ஏமாந்தேன்.

ஸ்னேரைத் திறந்தபோது சங்கதி உடனே விளங்கிவிட்டது. ஆறு திருகாணியைக் கழற்றி, வளையத்தையும் வலைத்தலையையும் தூக்கினால் நடுவில் நுரைக்கூம்பு. அதன் கீழே தலைப் பீசோ. பக்கத்துத் தகட்டில் விளிம்புப் பீசோ ஒட்டியிருக்கவேண்டும். அது ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கம் காய்ந்த இலைபோல மேலே சுருண்டு நின்றது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பூட்டிய அறையில் கிடந்திருக்கிறது. இரட்டைப்பக்க நுரை ஒட்டியின் பசை இளகி விட்டுப்போய்விட்டது. தகட்டின் அதிர்வில் பாதிகூடப் பீசோவுக்குப் போகவில்லை. ஓங்கி அடித்தால் அந்தப் பாதியே போதும், விளிம்புக்குத் தீர்ப்பு கிடைக்கும். மெல்லத் தட்டினால் தலைப் பீசோவின் சாட்சி மேலோங்கிவிடும். அவர் சொன்ன குறை எழுத்துக்கு எழுத்து சரி.

பழைய பசையை நகத்தால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புது நுரை ஒட்டியை வட்டமாக வெட்டி வைத்து ஒட்டினேன். பீசோவைக் கட்டைவிரலால் அழுத்தக்கூடாது, பீங்கான் வெடிக்கும். ஓரப் பித்தளையைச் சுற்றிவர விரல்நுனியால் அழுத்தவேண்டும். அரை மணித்தியால வேலை. மெல்லத் தட்டினாலும் விளிம்பு வந்தது.

வந்தது, ஆனால் கிராஸ் ஸ்டிக் வாசிக்கும்போது இடைக்கிடை தலைச் சத்தமும் சேர்ந்து வந்தது. அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தோல் ட்ரம்ஸில் பழகியவர்கள் செய்வதுபோல உள்ளங்கையைத் தலையில் நன்றாக ஊன்றித்தான் தட்டினார். வலைத்தலையில் கையை வைத்தாலே கூம்பு அமுங்கும், தலைப் பீசோ வளையும். மொடியூலுக்கு அதுவும் ஓர் அடிதான். கையைத் தலையில் படவிடாமல் விளிம்பை மட்டும் பிடித்து வாசிக்கச் சொல்லி உற்பத்தியாளர்களின் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது.

"பிள்ளை, கையை வளையத்தில சாத்தி வைச்சுத் தட்டிப் பாரும். தலையில முட்டக்கூடாது."

ஒரு கிழமை பிடித்தது, ஆனால் பழகிவிட்டார். விலைகூடின செட்டுகளில் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 2016இல் ரோலண்டின் டிடி-50 மொடியூலோடு வந்த பிடி-140டிஎஸ் என்ற 14 அங்குல ஸ்னேர், தலையில் கை வைத்திருப்பதையே உணர்ந்து கிராஸ் ஸ்டிக்குக்கு மாறும். வேறு சில மொடியூல்களில் விளிம்பின் மெல்லிய அடி கிராஸ் ஸ்டிக், பலமான அடி ரிம் ஷொட் (தலையும் விளிம்பும் சேர்ந்த அடி) என்று ஒரு எல்லை போடலாம். எங்களுடையதில் அதுவும் இல்லை. ஸ்னேர் விளிம்புக்கு ஒரு நேரத்தில் ஒரே குரல். அதனால் இரண்டு கிட், அதாவது இரண்டு ஒலித் தொகுதி, சேமித்துவைத்தோம். முதலாவதில் விளிம்புக்கு சைட் ஸ்டிக் (கிராஸ் ஸ்டிக்கின் இன்னொரு பெயர்), இரண்டாவதில் ரிம் ஷொட். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஒரு பொத்தான்.

டொம்தான் கஷ்டம் தந்தது.

நான் வருவதற்கு முன்பே குழாத்தில் ஒருவர் எங்கோ விசாரித்து, "ரிம் உள்ள பேட்" என்று ஒரு பழைய றப்பர் பேடை வாங்கிவைத்திருந்தார். மொடியூலின் பின்பக்கம் நாலாவது டொம்முக்கும் இரண்டாவது கிராஷுக்கும் வயர் மாட்டுகிற இரண்டு உதிரித் துளைகள் இருந்தன. பேடை நாலாவது டொம் துளையில் மாட்டினார்கள். தலை வேலை செய்தது, விளிம்பு ஊமை. நான் முதலில் கேபிளைப் பார்த்தேன். பிளக்கின் உலோகத்தில் எத்தனை கறுப்புக் கோடு என்று எண்ணினால் போதும்: ஒன்றென்றால் மோனோ, இரண்டென்றால் ஸ்டீரியோ. அதில் ஒரு கோடுதான். விளிம்புச் செய்தி போகிற பாதையே கேபிளில் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் ஸ்டீரியோ கேபிள் எடுத்து மாட்டினேன். அப்போதும் ஊமை.

அன்றைக்கு அந்தப் பேடைப் பழுது என்று ஒதுக்கினேன். அது பிழை. அதை நிரூபித்தவர் அந்தப் பிள்ளை. நான் போனபிறகு சும்மா இருக்காமல், முதலாவது கிராஷின் வயரைக் கழற்றி றப்பர் பேடில் குத்திப் பார்த்திருக்கிறார்.

"அண்ணா, ஒரு புதினம். நடுவில அடிச்சா கிராஷ் சத்தம் வருது. ரிம்மை அமத்தினா வந்த சத்தமும் நிண்டுபோகுது."

தொலைபேசியில் இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் வெளித்தது. கிராஷ் சிம்பலைக் கையால் பிடித்து ஒலியை நிறுத்துவதற்கு அந்தத் துளை சுவிட்சை எதிர்பார்க்கிறது. விளிம்பை அமத்தியதும் ஒலி நின்றதென்றால் இந்தப் பேடின் விளிம்பில் இருப்பது சுவிட்ச். அதுவும் நல்ல நிலையில் இருக்கிற சுவிட்ச். மறுநாள் மீற்றரை "பீப்" நிலையில் வைத்து, ஒரு முள்ளை நடு வளையத்திலும் மற்றதை அடிக்கட்டையிலும் தொட்டுக்கொண்டு விளிம்பை அமத்தினேன். பீப் என்றது. விட்டால் நின்றது. பழைய பேட் வாங்கப் போகிறவர்கள் ஒரு மீற்றரைக் கையில் கொண்டுபோகவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பீசோ விளிம்பென்றால் எப்படி அமத்தினாலும் பீப் வராது.

அப்படியானால் டொம் துளையில் ஏன் பேசவில்லை? அங்கே நடு வளையத்துக்கு உள்ளே இணைப்பே இல்லை. அது ஒற்றை வலயத் துளை. ஸ்டீரியோ கேபிள் போட்டால் என்ன, எந்தப் பேடை மாட்டினால் என்ன, விளிம்புச் செய்தி வாசல் வரை வந்து கதவில்லாமல் நிற்கும். நான் பேடையும் கேபிளையும் மாறி மாறிச் சோதித்தேன். துளையைச் சோதிக்கவில்லை. பேட், கேபிள், துளை, மொடியூலின் அமைப்பு ஆகிய நான்கில் ஒன்று விளிம்பைத் தெரியாது என்றால் மற்ற மூன்றும் சும்மாதான்.

இனி செய்யக்கூடியது ஒன்றே. தரை டொம்முக்குள் இரண்டாவது பீசோவை வைத்து, அதை உதிரியாக இருக்கிற நாலாவது டொம் துளைக்குத் தனியாகக் கொண்டுபோவது. மொடியூலின் கண்ணுக்கு அது ஒரு புதுப் பேட். அதற்கு சைட் ஸ்டிக் ஒலியைக் கொடுத்துவிட்டால் காதுக்கு அது விளிம்பு. ஏற்கெனவே இரண்டு பீசோவும் ஸ்டீரியோ ஜாக்கும் உள்ள பேட் என்றால் உடைக்கத் தேவையில்லை. மிக்ஸருக்குப் பாவிக்கிற இன்சேர்ட் கேபிள், அதாவது ஒரு ஸ்டீரியோ பிளக் இரண்டு மோனோ பிளக்காகப் பிரிகிறது, அதை மாட்டினால் தலை ஒரு துளைக்கும் விளிம்பு ஒரு துளைக்கும் போய்விடும். எங்கள் டொம்மில் இருந்தது ஒரு பீசோ, ஒரு மோனோ ஜாக். அதனால் பக்கச்சுவரில் இன்னொரு துளை போட்டு இரண்டாவது ஜாக் வைக்க முடிவு செய்தோம். குழாத்தின் சொத்து என்பதால் தலைவரிடம் கேட்டுத்தான் ட்ரில்லை எடுத்தேன்.

பீசோ 27 மில்லிமீற்றர், பிரதான வீதியில் வானொலி திருத்துகிற ஒரு ஐயாவிடம் எடுத்தது. சின்ன பஸர்களுக்குள் இருக்கிற அதே தட்டுத்தான். வயர் ஒட்டும்போது கவனம் வேண்டும். நடுவில் வெள்ளிப் பூச்சு இருக்கும் இடத்தில் அயனை இரண்டு விநாடிக்குமேல் வைத்தால் பூச்சே ஈயத்தோடு கழன்று வரும். முதல் தட்டை அப்படித்தான் பழுதாக்கினேன். இரண்டாவதற்கு முதலில் வயர்நுனியில் ஈயம் பூசி, பிறகு தட்டில் ஒரு பொட்டு வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு தொடுகை. வயருக்கு இழுவை வராமல் ஓரத்தில் சூட்டுப் பசை. இடையில் 100 கிலோ ஓம் ட்ரிம் பொட் ஒன்று: ஒரு கால் பீசோவின் சிவப்பு வயருக்கு, எதிர்க்கால் நிலத்துக்கு, நடுக்கால் ஜாக்கின் முனைக்கு. கடினமான விளிம்பில் குச்சி விழுந்தால் பீசோ தருகிற அழுத்தம் நுரைக்கு மேலே கிடைப்பதைவிடக் கூர்மையாக இருக்கும். அதைக் குறைக்க ஒரு திருகு கையில் இருக்கவேண்டும்.

முதல் தடவை பீசோவை அடித்தகட்டில் ஒட்டினேன், இடம் வசதி என்பதற்காக. மடிக்கணினியை யுஎஸ்பியில் இணைத்து, ஒவ்வொரு அடிக்கும் மொடியூல் அனுப்புகிற மிடி எண்களை (இலத்திரனியல் இசைக்கருவிகள் பேசிக்கொள்கிற குறியீடு) திரையில் பார்த்தோம். தரை டொம்முக்கு 43 வைத்திருந்தோம், புது விளிம்புக்கு 37. பொது மிடி அட்டவணையில் சைட் ஸ்டிக்கின் எண் அதுதான். அடியின் பலம் 1 முதல் 127 வரை எண்ணாக வரும். தலையின் நடுவில் ஓர் அடி. திரையில் 43, பலம் 98. கூடவே 37, பலம் 61. தலையில் அடித்த ஒவ்வொரு தடவையும் விளிம்பும் கத்தியது.

இதற்குத்தான் மொடியூலில் குறுக்கீட்டு நீக்கம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு துளையில் பலமான அடி வந்த கணத்தில், வேறு துளையில் அதைவிட மெலிதாக வருவதை எதிரொலி என்று எண்ணிக் கைவிடும். அதைக் கூட்டினேன். சத்தம் அடங்கியது. கூடவே உண்மையான விளிம்பு அடிகளும் பாதி தொலைந்தன. 98க்கும் 61க்கும் உள்ள இடைவெளி போதாது. இரண்டு சாட்சியும் கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசினால் எந்த மொடியூலாலும் சரியாகத் தீர்க்க முடியாது. அமைப்பை எவ்வளவு திருகினாலும் பேடுக்குள் இல்லாத வித்தியாசத்தை அது உண்டாக்காது.

மறுபடி திறந்தோம். மாரி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒத்திகைக்கு ஆட்கள் வரவில்லை. பீசோவை அடித்தகட்டிலிருந்து எடுத்து, பக்கச்சுவரின் உட்புறத்தில் விளிம்பு வளையத்துக்கு நேர் கீழே, வாசிப்பவர் தட்டுகிற பக்கத்தில் ஒட்டினேன். தலைப் பீசோவின் தகடு சுவரில் திருகாணி போட்டுப் பூட்டுகிற இடங்களில் மெல்லிய றப்பர் வளையங்களை இடையில் வைத்தேன், நடுவின் அதிர்வு சுவருக்கு ஏறாமல் இருக்க. மூடி, தலையை முன்பைவிடக் கொஞ்சம் இறுக்கினேன்.

தலையில் அடி: 43, பலம் 98. விளிம்பு 22.

விளிம்பில் அடி: 37, பலம் 90. தலை 35.

அந்தப் பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, குச்சியை எடுத்துப் பைலா நடையைத் தொடங்கினார். அதற்குப் பிறகு செய்தது சின்ன வேலைதான்: விளிம்புத் துளையின் தொடக்க எல்லையை, அதாவது அதற்குக் கீழான அடியை மொடியூல் பொருட்படுத்தாத அளவை, 22க்குச் சற்று மேலே எழும்படி கூட்டினேன், குறுக்கீட்டு நீக்கத்தைக் கீழ்ப்படியில் வைத்தேன், ட்ரிம் பொட்டைக் கொஞ்சம் திருகி ஓங்கிய அடி 127இல் போய் முட்டாமல் பார்த்துக்கொண்டேன்.

இன்னொரு விசயமும் இடையில் வந்தது. புது ஜாக் போட்ட மூன்றாம் நாளே விளிம்பு விட்டு விட்டுக் கேட்டது. ஜாக் நல்லது, மொடியூலின் உதிரித் துளைதான். இவ்வளவு காலமும் ஒன்றும் மாட்டாமல் உப்புக்காற்றில் திறந்து கிடந்ததால் உள்ளே களிம்பு. பிளக்கில் ஸ்பிரிட் தடவிப் பத்துப் பன்னிரண்டு தடவை உள்ளே வெளியே இழுத்ததும் சரிவந்தது. பாவிக்காத துளைகளை இப்போது துணித்துண்டால் அடைத்து வைக்கிறோம். கடலுக்குக் கிட்ட இருக்கிற எவரும் இதைச் செய்யவேண்டும்.

தீராத குறைகளும் உண்டு. தொடக்க எல்லையைக் கூட்டியதால் மிக மெல்லிய விளிம்புத் தட்டல்கள் வருவதில்லை. அந்த இடங்களில் அவர் கொஞ்சம் கூடுதலாகத் தட்டுகிறார். தலையையும் விளிம்பையும் சேர்த்து அடிக்கிற ரிம் ஷொட் தரை டொம்மில் ஒழுங்காகக் கிடையாது. ஒருமுறை இரண்டு ஒலியும் ஒன்றாக வரும், மறுமுறை குறுக்கீட்டு நீக்கம் ஒன்றை விழுங்கிவிடும். இரண்டு பீசோவையும் ஒரே துளையில் எடுத்து ஒப்பிடுகிற மொடியூல் இருந்தால்தான் அது சரிவரும். றப்பர் பேட் இப்போது முதலாவது கிராஷ் துளையில்தான் இருக்கிறது. அந்தத் துளை கேட்பது சுவிட்ச், அதில் இருப்பதும் சுவிட்ச். பழைய கிராஷ் சிம்பல் இரண்டாவது கிராஷ் துளைக்குப் போய்விட்டது.

ஒளிவிழாவன்று மெதுவான பாட்டில் அந்த "டொக்" மண்டபத்தின் கடைசி வாங்கு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. நான் மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்றேன். அடுத்த பாட்டுக்கு முன் கிட் மாற்றுகிற பொத்தானை அவர் குச்சியின் நுனியாலேயே அமத்தினார். எப்போது பழகினாரோ தெரியாது.

தை பிறந்ததும் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணா, மற்ற ரெண்டு டொம்முக்கும் ரிம் வைக்கேலாதா?"

மொடியூலில் உதிரித் துளை ஒன்றும் மிச்சமில்லை. கிராஷில் ஒன்றைக் கழற்றினால் ஒரு டொம்முக்கு வைக்கலாம் என்று சொன்னேன். எதைக் கழற்றுவது என்று யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.